காலையில் பாடும் தோடி மாலையில் ஏன் திக்குகிறது?

கேள்வி:

நான் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணத்தில் பூர்வீக வீட்டில் இருக்கிறோம். 1986-ல் சொசைட்டி லோன் போட்டு வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இன்றைக்கும் பழுதில்லாமல் பாடுகின்றன. கேசட் டெக்தான் கைவிட்டுவிட்டது. நல்லவேளையாக அதற்கு முன்பே, லீவுக்கு வந்த மகன் என்னிடமிருந்த எண்பது கேசட்டுகளை லேப்டாப்பில் ஏற்றத் தொடங்கினான். மீதியை நான் முடித்தேன். பெரும்பாலும் நாகஸ்வரம். கோயில் உற்சவங்களில் நானே தரையில் உட்கார்ந்து பதிவு செய்தவையும் உண்டு. "ஏற்றுவதே ஏற்றுகிறோம், உச்ச தரத்திலேயே இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைலாக வைத்திருக்கிறோம். ஆம்ப்ளிஃபயருடன் ஒரு ஸ்ட்ரீமர் பெட்டியை இணைத்துக் கொடுத்துவிட்டு மகன் ஊருக்குப் போய்விட்டான். லேப்டாப்பில் உள்ள பாட்டை வைஃபை வழியாக அந்தப் பெட்டி எடுத்துப் பாடுகிறது.

விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டால் தோடி ராகம் ஒரு மணி நேரமும் தங்குதடையில்லாமல் வரும். மாலை ஏழு மணிக்கு மேல் அதே தோடி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று நொடி நின்று நின்று வருகிறது. ஆலாபனையில் வித்வான் மூச்சு வாங்க நிறுத்தினாரா, பெட்டி நிறுத்தியதா என்று தெரியாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேரன் சி.டி.யிலிருந்து ஏற்றிய சினிமாப் பாட்டுகளோ இன்டர்நெட் ரேடியோவோ எந்த நேரத்திலும் நிற்பதில்லை. சில நாள் முக்கால் மணி நேரம் பாடிவிட்டு அப்படியே அடங்கிவிடும். லேப்டாப்பைத் தொட்டால் உயிர் வரும்.

ரவுட்டர் ரேழியில், பழைய விளக்கு மாடத்துக்குள் இருக்கிறது. ஹை-ஃபை இரண்டாம் கட்டு அறையில். நடுவில் கூடமும் முற்றமும். எழுபது அடி தூரம் இருக்கும். லேப்டாப்பும் இரண்டாம் கட்டில்தான். அதில் வைஃபை வேகம் 39 என்று காட்டுகிறது. இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்தவர் ரவுட்டர் பக்கத்தில் நின்று சோதித்துவிட்டு, "நூறு வருகிறது, எங்கள் பக்கம் குறையில்லை" என்று போய்விட்டார். கடைக்காரர் சொன்னாரென்று இரண்டாயிரம் ரூபாய்க்கு வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கி ஹை-ஃபை பக்கத்தில் வைத்தேன். இப்போது காலையிலும் நிற்கிறது! ஸ்ட்ரீமரை மாற்றச் சொல்கிறார் ஒரு நண்பர். விலை உயர்ந்த கேபிள் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். நான் எதை மாற்ற வேண்டும்?

– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்:

ஐயா, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள், எதையும் வாங்காதீர்கள். ஸ்ட்ரீமர் மேல் குற்றமில்லை என்று உங்கள் கடிதத்தை வைத்தே சொல்லிவிட முடிகிறது. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "பாட்டு நிற்கிறது, என்ன செய்ய?" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். எப்போது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கோளாறைக் கண்டுபிடிக்க அதைவிடப் பெரிய உதவி கிடையாது. நீங்கள் கணக்கு ஆசிரியர் என்பதால் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். உங்கள் வீட்டில் நடப்பது ஏறக்குறைய அத்தனையும் ஒரு கூட்டல் கணக்கில் அடங்கிவிடுகிறது.

முதலில் பாட்டின் அளவு. உங்கள் ஃபைல் ஒரு நொடிக்கு 1,92,000 மாதிரிகள். ஒவ்வொன்றும் 24 பிட். இடது, வலது என்று இரண்டு. மூன்றையும் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 92 லட்சம் பிட், அதாவது 9.2 மெகாபிட். பேரனுடைய சி.டி. பாட்டு 44,100 மாதிரி, 16 பிட், இரண்டு சேனல்: 1.4 மெகாபிட். இன்டர்நெட் ரேடியோ பெரும்பாலும் 128 கிலோபிட், அதாவது 0.13 மெகாபிட். தோடிக்கும் ரேடியோவுக்கும் எழுபது மடங்கு வித்தியாசம்.

அடுத்தது வைஃபை. இதைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்துக்கொண்டு, குழாய் பெரிதாக இருந்தால் போதும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். வைஃபை குழாய் அல்ல, பேச்சு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர் காத்திருக்க வேண்டும். அந்த மற்றவர்களில் பக்கத்து வீட்டு ரவுட்டரும் சேர்த்தி. ஆகவே கணக்குப் பார்க்க வேண்டியது காற்றில் பேச யாருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதை. ஒவ்வொரு நொடியையும் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு ரூபாயை வீட்டிலுள்ள அத்தனை கருவிகளும், அதே சேனலில் இருக்கும் அக்கம்பக்கத்துக் கருவிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் லேப்டாப் காட்டும் 39 மெகாபிட் காகித வேகம். காத்திருப்பு, "கிடைத்தது" என்று ஒவ்வொரு முறையும் திரும்பிவரும் பதில், தொலைந்ததை மறுபடி அனுப்புவது எல்லாம் போகக் கையில் நிற்பது ஏறத்தாழப் பாதி. 20 என்று வைப்போம். 9.2 மெகாபிட்டை 20 வேகத்தில் அனுப்ப ஒரு நொடியில் 46 சதவீத நேரம் வேண்டும். ரூபாய்க்கு 46 பைசா.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. லேப்டாப்பும் ஸ்ட்ரீமரும் ஒரே அறையில் இருந்தாலும் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்வதில்லை. பாட்டு லேப்டாப்பிலிருந்து எழுபது அடி நடந்து ரேழியில் உள்ள ரவுட்டருக்குப் போகிறது. அங்கிருந்து எழுபது அடி திரும்பி நடந்து ஸ்ட்ரீமருக்கு வருகிறது. இரண்டு நடையும் அதே காற்றில், அதே சேனலில். 46-ம் 46-ம் 92 பைசா.

விடியற்காலையில் உங்களுக்குப் பாட்டு நிற்காததன் காரணம் இதுதான். தெரு தூங்குகிறது. ஒரு ரூபாய் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது, 92 பைசாவில் தோடி நடந்துவிடுகிறது. மாலை ஏழு மணிக்கு அக்கம்பக்கத்து வீடுகளில் சீரியலும் கிரிக்கெட்டும் வைஃபையில் ஓடுகின்றன. கும்பகோணத்துப் பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அவர்களுடைய ரவுட்டர் உங்கள் கூடத்துக்குப் பத்தடியில் இருக்கும். அவர்கள் இருபது பைசா எடுத்தால் போதும், உங்கள் கணக்கு இடிக்கும். சி.டி. பாட்டுக்கு இரண்டு நடைக்கும் சேர்த்து 14 பைசாதான். ரேடியோ ரவுட்டரிலிருந்து ஸ்ட்ரீமருக்கு ஒரே நடை. ஒரு பைசாகூட ஆகாது. அவை ஏன் நிற்பதில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.

எக்ஸ்டெண்டர் வைத்ததும் ஏன் மோசமானது என்பதும் அதே கணக்கில் வருகிறது. இந்த வகை எக்ஸ்டெண்டர் ஒரு அஞ்சல் ஓட்டக்காரர் மாதிரி. ரவுட்டர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அதே சேனலில் தானும் ஒருமுறை சொல்லும். ஹை-ஃபை பக்கத்திலேயே வைத்ததால், ரவுட்டரிலிருந்து அதற்கு வரும் நடைக்கும் அதே 46 பைசாதான். அங்கிருந்து ஸ்ட்ரீமருக்குக் கிட்டத்தில் என்பதால் உச்ச வேகமான 65-ல் அனுப்பினாலும் 28 பைசா. மொத்தம் 46, 46, 28: ஒரு ரூபாய் இருபது பைசா. ஒரு ரூபாய்தான் இருக்கிறது. காலையில் என்ன, நடுநிசியிலும் நிற்கத்தான் செய்யும். அதைக் கழற்றிவிடுங்கள். கடைக்காரர் வேண்டுமென்று ஏமாற்றியிருக்க மாட்டார். ஸ்ட்ரீமரில் சிக்னல் கோடுகள் கூடியிருக்கும். அதைப் பார்த்துப் பலன் என்று நினைத்திருப்பார்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். ஸ்ட்ரீமருக்குள் கொஞ்சம் பாட்டைச் சேமித்து வைத்துக்கொள்ளும் இடம் இருக்கிறதே, அது எதற்கு? பஃபர் என்று சொல்வது அதைத்தான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. நகராட்சித் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் சமையலறைக் குழாய் சீராக ஓடும். ஆனால் தொட்டியின் கொள்ளளவு பிட்டில் இருக்கிறதே தவிர நொடியில் இல்லை. பத்து லட்சம் பைட் பிடிக்கும் தொட்டி என்றால், 128 கிலோபிட் ரேடியோவை ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்கும். சி.டி. தரத்தை ஐந்தரை நொடி தாங்கும். உங்கள் 192 ஃபைலை ஒரு நொடிகூடத் தாங்காது. அதனால்தான் உங்கள் தோடிக்கு மட்டும் சின்னத் தடையும் உடனே காதில் விழுகிறது.

கம்பெனிக்காரர் சொன்ன நூறு, ரவுட்டருக்கு வெளியே இருக்கும் ஃபைபரின் வேகம். அவர் சொன்னது சரி, ஆனால் உங்கள் தொல்லைக்குச் சம்பந்தமில்லாதது. லேப்டாப்பில் உள்ள தோடி இன்டர்நெட்டுக்கே போவதில்லை. ஒரு மாலை ரவுட்டரிலிருந்து ஃபைபர் ஒயரை மெல்லக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். முனையை வளைக்காமல், கண்ணாடித் தலையில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் இல்லாமலே பாட்டு பாடும், இன்டர்நெட் இல்லாமலே நிற்கும். இந்தச் சோதனையை நான் எல்லோரையும் செய்யச் சொல்வேன். கோளாறு வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஐந்து நிமிஷத்தில் பிரித்துக் கொடுத்துவிடும்.

இனி வைத்தியம். செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

கேசட்டுக்கு 192 கிலோஹெர்ட்ஸ் தேவையே இல்லை, ஐயா. மகன் ஆசையாகச் செய்திருக்கிறார், அதில் தப்பில்லை. ஆனால் சாதாரண கேசட் பதினைந்து பதினாறு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் பிடித்து வைப்பதில்லை. டால்பி போடாத நாடாவில் மிகப் பெரிய சத்தத்துக்கும் பின்னணி இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 60 டெசிபலை எட்டுவதே அரிது. 16 பிட் 96 டெசிபல் தரும், 44.1 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸ் வரை எடுத்துச் செல்லும். உங்கள் கேசட்டில் இருந்தது எல்லாம் அதற்குள் அடங்கி, இடமும் மிஞ்சும். இப்போது உங்கள் 192 ஃபைலில் பாதிக்கு மேல் பத்திரமாக இருப்பது நாடாவின் "ஸ்ஸ்" சத்தம்தான்.

மூலப் பதிவுகளை அழிக்காதீர்கள். கேசட்டுகள் இனி தேய்ந்துகொண்டேதான் போகும். நீங்கள் உற்சவத்தில் பதிந்தவை உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது. அவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்கில் தனித்தனியாக ஏற்றி, ஒன்றை மகன் வீட்டில் வையுங்கள். கேட்பதற்கென்று 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் ஃபைலாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாக் 2001-லிருந்து இலவசமாகக் கிடைக்கும் முறை. சுருக்கினாலும் விரிக்கும்போது ஒரு பிட்கூடக் குறையாது, எம்.பி.3 மாதிரி எதையும் தூக்கிப் போடாது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே மாற்றிக் கொடுத்துவிடும். இரைச்சல் நன்றாகச் சுருங்காது என்பதால் கேசட் பதிவு கொஞ்சம் பெரிதாகத்தான் நிற்கும். அப்படியும் நொடிக்கு 0.8, 0.9 மெகாபிட் என்று வரும். ஒரு மணி நேரத் தோடி இப்போது நாலு ஜி.பி.; அப்போது நானூறு எம்.பி. சுற்றி. இரண்டு நடைக்கும் சேர்த்து ஒன்பது பைசா. இதைச் செய்தாலே உங்கள் மாலைகள் மீண்டுவிடும் என்று நம்புகிறேன்.

முக்கால் மணி நேரத்தில் அடங்கிப் போவது வேறு விஷயம். அது லேப்டாப் தூங்குவது. யாரும் தொடாததால் தன்னை யாருக்கும் வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறது. பவர் அமைப்புகளில் ஸ்லீப் என்பதை, சார்ஜரில் இருக்கும்போது "நெவர்" என்று வைத்துவிடுங்கள். தீர்ந்தது.

அடுத்தது ரவுட்டர். அதை மாடத்திலிருந்து வெளியே எடுங்கள். விளக்குக்காகக் கட்டிய மாடம் காற்றிலிருந்து சுடரைக் காக்க மூன்று பக்கமும் சுவருக்குள் பதிந்திருக்கும். ரவுட்டருக்கு அதே கட்டுமானம் எதிரி. உங்கள் வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்பும் செங்கலும் வைத்து ஒன்றரை அடி கனத்துக்குக் கட்டியவையாக இருக்கும். அவற்றுக்குள் புகுந்து வருவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கே சிரமம், 5 கிகாஹெர்ட்ஸுக்கு அதைவிடச் சிரமம். ஆனால் உங்கள் வீட்டில் இப்போதைய ஃப்ளாட்டுகளில் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: முற்றம். வாசலிலிருந்து கொல்லை வரை நேர்கோட்டில் நிலைகள் அமைந்த வீடு என்றால் கதவுகளும் முற்றமும் சேர்ந்து அலைக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுக்கும். ரேழியில் கூடத்தைப் பார்த்த நிலைக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு மரப் பலகை அடித்து அதில் ரவுட்டரை வையுங்கள். பீரோ மேலே வேண்டாம். இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும்.

குச்சி ஆண்டெனா இருந்தால் நேராக நிமிர்த்துங்கள். பலர் அதை ஸ்ட்ரீமர் இருக்கும் திசையைச் சுட்டிக்காட்டுவது போல் சாய்த்து வைக்கிறார்கள். குச்சியின் நுனியிலிருந்து அலை கிளம்புவதில்லை. ஒரு குச்சியை மெதுவடையின் ஓட்டையில் செருகினால் வடை எப்படிச் சுற்றி நிற்குமோ அப்படித்தான் அலை பரவும். நுனிப் பக்கம்தான் இருப்பதிலேயே பலவீனம். ஸ்ட்ரீமரும் ஆம்ப்ளிஃபயரின் இரும்புக் கூட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள்.

போனில் வைஃபை சேனல்களைப் படம் போட்டுக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, மாலை ஏழரைக்குப் பாருங்கள். 2.4-ல் நம் நாட்டில் பதின்மூன்று சேனல்கள் உண்டு. ஆனால் ஒன்றின் மேல் ஒன்று படாமல் நிற்பவை 1, 6, 11 மட்டுமே. மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதை ரவுட்டரில் நிரந்தரமாகப் போடுங்கள். "ஆட்டோ" என்று விட்டால் சில ரவுட்டர்கள் நினைத்தபோது சேனலை மாற்றும். அந்தச் சில நொடி பாட்டு நிற்கும். யாரும் இல்லை என்று 3, 4 என்ற இடைப்பட்ட எண்களில் போய் உட்காராதீர்கள். இரண்டு பக்கத்துச் சத்தமும் அங்கே விழும். அதே சேனலில் இருப்பவர்களாவது முறை வைத்துப் பேசுவார்கள். பாதி மேலே படுபவர்கள் முறை தெரியாமல் கத்துவார்கள்.

முற்றத்து வழி கைகொடுத்து 5 கிகாஹெர்ட்ஸ் ஸ்ட்ரீமர் வரை எட்டினால் அதுவே மேல். அங்கே சேனல்கள் அதிகம், கூட்டம் குறைவு. 36 முதல் 48 வரை உள்ளதில் ஒன்றையோ 149-க்கு மேல் ஒன்றையோ தேர்ந்தெடுங்கள். நடுவில் 52-லிருந்து 144 வரை ராடாருக்கு வழிவிட வேண்டிய இடம். ராடார் அலை மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே சேனலைக் காலி செய்தாக வேண்டும் என்பது விதி. நிஜ ராடாரே இல்லாமல் ஏமாந்தும் காலி செய்யும். அப்படிப்பட்ட நேரத்தில் பாட்டு நிற்பதற்கு யாராலும் காரணம் சொல்ல முடியாது. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பிரித்துத் தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்ட்ரீமர் இரண்டுக்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனால் என் வீடாக இருந்தால் நான் செய்வது வேறு: ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுவேன். ஸ்ட்ரீமர் நடமாடும் பொருள் அல்ல. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்த இடத்தில் வருஷக்கணக்கில் இருக்கப்போகிறது. அதைக் காற்றில் பேச வைக்க என்ன அவசியம்? எழுபது அடி என்பது வளைவு நெளிவோடு முப்பது மீட்டர் ஆகட்டும். லேன் ஒயரின் எல்லை நூறு மீட்டர். ஒயர் வந்துவிட்டால் அண்டை வீட்டு சீரியல், சேனல் எண், பைசாக் கணக்கு எதுவும் வேண்டாம். ஸ்ட்ரீமருக்குப் பக்கத்தில் நாலு துளை உள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து லேப்டாப்பையும் அதிலேயே ஒயரில் கொடுத்தால், தோடி ரேழிக்குப் போகவே போகாது, அறைக்குள்ளேயே கைமாறிவிடும். பையன் செய்த 192 ஃபைலையும் அப்போது தாராளமாகக் கேட்கலாம்.

கேட் 6 ஒயர் கேளுங்கள், முழுச் செம்பாக. செம்பு முலாம் பூசிய அலுமினியம் நிறைய விற்கிறது. பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அது வேண்டாம். ஷீல்டு இல்லாத சாதா ஒயரே உங்களுக்கு நல்லது. லேன் துளைக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. அவை ரேழிப் பக்கத்து மின்சாரத்தையும் ஹை-ஃபை பக்கத்து மின்சாரத்தையும் பிரித்து வைக்கும். ஷீல்டு போட்ட ஒயர் இரண்டு பக்கத்து எர்த்தையும் கோத்துவிட்டால் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரையத் தொடங்கும். உங்கள் நண்பர் சொன்ன விலை உயர்ந்த கேபிளைப் பற்றி என் கருத்து தெளிவானது. ஒயரில் போவது எண்கள். அவை சரியாகப் போய்ச் சேரும், அல்லது மறுபடி அனுப்பப்படும். தோடியின் காந்தாரத்தை எந்த லேன் ஒயரும் இனிமையாக்காது. அந்தப் பணத்தை ஆம்ப்ளிஃபயரின் நாற்பது வயதான மின்தேக்கிகளை மாற்ற எடுத்து வையுங்கள்.

வேறு ஒரு வழியும் உண்டு. ஸ்ட்ரீமரில் யு.எஸ்.பி. துளை இருந்தால் பாட்டுகளை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு அதிலேயே செருகிவிடலாம், லேப்டாப்பே வேண்டாம். இதில் நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். என் வீட்டில் இப்படித்தான் செருகினேன். டிஸ்க் ஓடாதபோது வைஃபை சரியாக இருக்கும். ஓடத் தொடங்கியதும் ரேடியோ நிற்கும், போன் செயலியில் ஸ்ட்ரீமரே காணாமல் போகும். மூன்று வாரம் ரவுட்டரையும் ஸ்ட்ரீமரையும் மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டேன். காரணம் டிஸ்கின் யு.எஸ்.பி. 3 ஒயர். அந்த வேகத்தில் ஓடும் சமிக்ஞையின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் போய் விழுகிறது என்று இன்டெல் நிறுவனம் 2012-லேயே ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டிஸ்கை ஒரு முழ தூரம் தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது. ஸ்ட்ரீமரில் யு.எஸ்.பி. 2 துளை இருந்தால் அதில் செருகினாலே போதும். பாட்டுக்கு அந்த வேகமே பல மடங்கு அதிகம்.

புளூடூத் விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் போனிலிருந்து புளூடூத் வழியாக ஹை-ஃபையில் பாட்டுப் போடும் பேரப்பிள்ளைகள் இல்லாத வீடு இப்போது இல்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். புளூடூத்தும் அதே 2.4-ல்தான் பேசுகிறது. 79 சேனல்களில் நொடிக்கு 1,600 முறை தாவித் தாவிப் பேசும்; கூட்டமான சேனல்களைத் தவிர்க்கும் சாமர்த்தியம் 2003-லிருந்து வந்துவிட்டது. ஆனால் சக்தி மிகக் குறைவு. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடும். போன் பின் பாக்கெட்டில் இருந்து ஆள் ஸ்பீக்கரைப் பார்த்து நின்றால் நடுவில் ஒரு தண்ணீர்க் குடம் இருக்கிற மாதிரி. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ். நமக்குக் கெடுதல் செய்யாத அளவு கசிவே புளூடூத்தின் மெல்லிய குரலை அமுக்கப் போதும். போனை ரிமோட்டாக மட்டும் வைத்துக்கொண்டு, பாட்டை ஸ்ட்ரீமரே நேராக எடுத்துக்கொள்ளும் செயலியில் போடச் சொல்லுங்கள். அப்போது போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாலும் பாட்டு ஓடும்.

எல்லாம் செய்தும் நின்றால் ஒரு கடைசிச் சோதனை. ஸ்ட்ரீமரையும் லேப்டாப்பையும் ரேழிக்கு எடுத்துப்போய், இரண்டையும் சிறிய லேன் ஒயரால் ரவுட்டரில் செருகி, ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்துக் கேளுங்கள். அங்கேயும் நின்றால் அப்போது ஸ்ட்ரீமரைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் ரவுட்டரின் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் நாலைந்து வருஷத்தில் உள்ளே இருக்கும் மின்தேக்கி காய்ந்து, வேலை கூடும்போது மின்னழுத்தம் சரியும். விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ரவுட்டர் மட்டும் தடுமாறும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியரில் இன்னொரு அடாப்டரைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

78 ஆர்.பி.எம். இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை அந்தத் தட்டுகளில் கேட்டவர்கள், எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து கேட்டார்கள். அந்த இடைவெளி எங்கே வரும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் உங்கள் வேதனை. ஆலாபனையில் வித்வான் விடும் மௌனமும் சங்கீதம். அந்த மௌனத்தைச் சந்தேகத்தோடு கேட்க வேண்டியிருப்பதை நான் சின்னக் குறையாக நினைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

ஒயர் இழுக்க முடிவு செய்தால் ஆளிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். முற்றத்தின் குறுக்கே ஆகாயத்தில் தொங்க விட வேண்டாம். டெல்டாவில் ஐப்பசி கார்த்திகை இடி மின்னலில் அது ரவுட்டரையும் ஸ்ட்ரீமரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். தாழ்வாரத்துச் சுவரோரமாக, கூரைத் தண்ணீர் சொட்டாத உயரத்தில் பி.வி.சி. பட்டைக்குள் கொண்டுபோகச் சொல்லுங்கள். மரத்தூணில் ஆணி அடிக்க விடாதீர்கள். தூணுக்குப் பின்னால் சுவரில் அடித்தாலே வேலை முடியும். இரண்டு முனையிலும் ஒரு முழம் கூடுதலாகச் சுருட்டி விடச் சொல்லுங்கள். ஸ்ட்ரீமரை இடம் மாற்றும் நாள் வரும்.